காற்றைச் சுமந்த கூலி

மிதிவண்டிப் பந்தயம் என்றதும் நம் வாசகர்களில் மூத்தவர்களுக்கு நினைவு வருவது ஊர்த் திடலில் நடந்த ஏழு நாள் தொடர் மிதிவண்டி ஓட்டமாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கி, சுற்றிலும் குழல்விளக்குகள். இறங்காமல் வட்டமடித்துக்கொண்டே குளித்து, உண்டு, சட்டை மாற்றி, ஏழாம் நாள் அந்தியில் கழுத்து நிறைய மாலையும் சட்டை நிறையக் குத்திய ரூபாய்த் தாள்களுமாக இறங்கி நிற்பான் ஓர் இளைஞன். வேடிக்கை பார்த்த பிள்ளைகள் மறுநாள் வாடகை மிதிவண்டி எடுத்து முழங்காலைப் பெயர்த்துக்கொள்வார்கள்.

நாங்கள் எழுத வந்தது அந்த வட்டத்தைப் பற்றியன்று, நெடுஞ்சாலையைப் பற்றி. பலர் ஒன்றாகப் புறப்பட்டு, ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டி, முதலில் எல்லைக்கோட்டைத் தொடுகிறவர் யார் என்று பார்க்கும் பந்தயம் அது. பார்வைக்கு எளியது. வலிமை உள்ளவன் வெல்வான், இல்லாதவன் தோற்பான் என்று தோன்றும். ஆனால் வலிமை உள்ளவன் தோற்பதை இந்த விளையாட்டில் நாங்கள் கண்ட அளவுக்கு வேறெதிலும் கண்டதில்லை. அதன் காரணத்தையும், அந்தக் காரணம் எங்களுக்குள் மூட்டிவிட்ட ஒரு வழக்கையும் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் என்றால் காரமடைக்காரர்கள் ஆறு பேர். எவரும் பதக்கம் வாங்கிய வீரர் அல்லர். ஒருவர் துணிக்கடைக்காரர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் பெரியநாயக்கன்பாளையத்தில் கடைசல் பட்டறைத் தொழிலாளி, இருவர் தோட்டங்காட்டுக்காரர்கள். ஆறாமவர் மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கெழுதும் இளைஞர். அவருடைய அத்தா அதே மண்டியில் முப்பது ஆண்டுகளாக மூட்டை சுமந்தவர். சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தெருவிலிருந்து இருவர் புறப்பட, மற்ற நால்வரும் தேநீர்க் கடையோரம் வந்து சேர்ந்துகொள்வார்கள். கறிவேப்பிலைக் கட்டுகளை ஏற்றிய வண்டிகள் சந்தைக்குப் போகிற நேரம் அது. மேட்டுப்பாளையம் சாலையில் பேருந்துகளின் ஆட்சி தொடங்குவதற்குள் நாங்கள் வீடு திரும்பியிருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் வேகப் பயிற்சி கிடையாது.

இனிக் காற்றுக்கு வருவோம். சமதளச் சாலையில் விரைந்து ஓட்டுகிறவனுக்குப் பகைவன் அவனுடைய உடல் எடையன்று, வண்டியின் எடையுமன்று. முன்னால் நிற்கும் காற்றே. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்லச் செலவிட வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கால்கள் செய்யும் உழைப்பில் மிகப் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. இப்போது இன்னொருவன் அவனுடைய பின்சக்கரத்தை ஒட்டி, ஒரு முழ இடைவெளியில் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னவன் கிழித்த காற்றின் மறைவில் அவன் வருகிறான். அதே வேகம், ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு அவனுக்கு மிச்சம். பெருங்கூட்டத்தின் நடுவே இருந்தால் மிச்சம் இன்னும் கூடுதல். 121 ஓட்டுநர்கள் அடங்கிய கூட்டத்தை நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: கூட்டத்தின் உட்புறத்தில் பின்பகுதியில் இருப்பவர் மேல் மோதும் காற்றின் எதிர்ப்பு, தனியே ஓட்டுகிறவர் மேல் மோதுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு!

இந்த ஒரே உண்மையிலிருந்துதான் பந்தயத் தந்திரங்கள் அனைத்தும் பிறக்கின்றன. வலிமை உள்ளவன் முன்னால் போய் எல்லோருக்குமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டே இருந்தால், அவன் மறைவில் இளைப்பாறி வந்தவன் கடைசி இருநூறு மீட்டரில் பக்கவாட்டில் விலகி அவனைக் கடந்துவிடுவான்.

கொங்கு நாட்டில் இந்தப் பாடத்தைப் புத்தகம் பார்த்துக் கற்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த அந்தப் பெரிய இடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே புகுந்து, ஆனி ஆடி மாதங்களில் பொள்ளாச்சி, சூலூர், பல்லடம் வட்டாரங்களைப் போட்டு அலைக்கழிக்கிறது. அந்தப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது வெறும் அழகுக்காக அன்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் மிதிவண்டி ஓட்டிப் பார்த்தவரோ என்னவோ! காரமடையில் மலை சற்று மறைத்துக்கொள்ளும். கிழக்கே அன்னூர்ச் சாலையில் இறங்கினால் மறைப்பு இல்லை. போகும்போது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். புதிதாக வந்தவர் தம் கால்களே அவ்வளவு வேகம் தருவதாக எண்ணிக்கொள்வார். திரும்பும்போது தெரியும் கணக்கு.

காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது நேர்ப்பின்னால் மறைவு இருப்பதில்லை என்பது அடுத்த பாடம். பொள்ளாச்சிச் சாலையில் தெற்கு நோக்கிப் போகிறவனுக்குக் காற்று வலப்புறம் அடிக்கிறது. ஆகவே மறைவு முன்னவனின் இடப்பக்கத்துப் பின்புறத்தில் கிடைக்கும். ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்த வரிசையில், வானத்தில் கொக்குகள் போகிற ஒழுங்கில் பாதியைப்போல நிற்க வேண்டும். சாலையின் அகலம் ஏழெட்டுப் பேருக்குமேல் இடங்கொடாது. ஒன்பதாமவன் சாலையோரத்து மண்ணில் மறைவின்றித் தத்தளித்துச் சிறிது நேரத்தில் கழன்றுவிடுவான். ஐரோப்பியப் பந்தயங்களில் பெரிய பெரிய வீரர்களே இப்படிக் கழன்றுபோவது உண்டு. அவர்கள் வலிமையில் தாழ்ந்தவர்கள் அல்லர். காற்று திரும்புகிற இடத்தில் ஒன்பதாம் இடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

மலைச்சாலையில் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துபோகிறது. கல்லாற்றிலிருந்து குன்னூர் ஏறும்போது வேகம் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் காற்றுக்கு வேலை இல்லை. மறைவுக்கும் பயன் இல்லை. உடல் எடையும் மூச்சும் மட்டுமே பேசும். எங்கள் ஊரிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி வழியாக மஞ்சூர் ஏறும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். 2008 முதல் நடந்துவரும் நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணத்தில் பங்கேற்பவர்கள் மசினகுடிப் பக்கமிருந்து கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் ஏறித் தங்கள் நெஞ்சுரத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அங்கெல்லாம் ஒரே தந்திரம், பொறுமையாக ஏறுவது. முதல் வளைவில் பாய்ந்தவனைப் பத்தாம் வளைவில் ஓரமாக நிற்கப் பார்க்கலாம். வெள்ளியங்காட்டுக்கு அப்பால் யானை நடமாட்டம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். மேலைநாட்டார் எழுதிய பந்தய நூல்களில் யானைக்கு வழிவிடும் முறை காணப்படவில்லை.

காற்று விஷயத்தில் மறுபடியும் ஒரு சொல். அதன் வலிமையை அறியாதவர்களுக்கு 1989-ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாளைச் சொன்னால் போதும். மூன்று வாரங்களாக மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குமேல் ஓடி முடித்த நிலையில், பிரெஞ்சு வீரர் லோரான் ஃபிஞோன் அமெரிக்கரான கிரெக் லெமாண்டைவிட 50 விநாடி முன்னிலையில் இருந்தார். வெர்சாய் நகரிலிருந்து பாரிசு வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட்ட வேண்டிய நாள் அது. யாருடைய மறைவும் இல்லை. லெமாண்டு முன்னோக்கி நீண்ட கைப்பிடியில் முழங்கைகளைச் சேர்த்துவைத்து, உடலைக் குறுக்கி, காற்றுக்கு வழுக்கிக்கொடுக்கும் தலைக்கவசத்துடன் ஓட்டினார். ஃபிஞோன் தலைக்கவசம் இன்றி, பின்னால் கட்டிய முடி காற்றில் ஆட ஓட்டினார். முடிவில் லெமாண்டு வென்றது 8 விநாடி வேறுபாட்டில்!

தனியே ஓட்டுகிறவன் தானே காற்றைச் சுமந்து, தானே வெல்கிறான் அல்லது தோற்கிறான். அதில் வழக்கு இல்லை. கூட்டத்தில் ஓட்டும்போதுதான் வழக்கு. ஒருவன் சுமந்த காற்றின் பயனை மற்றொருவன் கொள்வது முறைதானா? எங்களில் ஒருவருடைய பெரியத்தா, எண்பதைக் கடந்தவர், இந்த விளக்கத்தையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே வரியில் கேட்டார்: “அப்போ ஒருத்தன் ஒழைப்ப இன்னொருத்தன் திங்கிறதுக்குப் பேருதான் தந்திரமா?”

அதற்குச் சாலையில் ஒரு விடை உண்டு. முறை வைத்து முன்னால் வருவது. ஒருவன் ஒரு நிமிடமோ அரை நிமிடமோ காற்றைத் தாங்கிவிட்டு, ஓரமாக விலகி, வரிசையின் வாலுக்குப் போவான். அடுத்தவன் அவன் இடத்தை ஏற்பான். ஒருவரையொருவர் அறியாத எதிரிகள்கூட, கூட்டத்தைவிட்டுப் பிரிந்து முன்னே ஓடும்போது இப்படி முறை வைத்தே ஓட்டுகிறார்கள். எல்லை நெருங்கிய பிறகே போட்டி. முறைக்கு வராமல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறவனை யாரும் மதிப்பதில்லை. அவன் வென்றாலும் கைகொடுப்பதில் ஒரு தளர்ச்சி இருக்கும். ஆனால் ஒரு விலக்கு உண்டு. பின்னால் துரத்தும் கூட்டத்தில் தன் அணித்தலைவன் இருந்தால், முன்னால் ஓடுகிறவன் காற்றைச் சுமக்க மறுக்கலாம். அது சோம்பலன்று, தன் அணிக்கு அவன் ஆற்றும் கடமை. இந்த விலக்கைச் சொன்னபோது பெரியத்தா சிரித்தார். சட்டம் இருக்குமிடத்தில் வக்கீலும் இருப்பார் என்பது அந்தச் சிரிப்பின் பொருளாக இருக்கலாம்.

அணி என்று வந்துவிட்டால் முறை மாறுகிறது. ஒருவனை வெல்ல வைப்பதற்காக மற்றவர்கள் காற்றைச் சுமக்கிறார்கள். 1934-ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றில் ரெனே வியெத்தோ என்ற இருபது வயதுப் பிள்ளை மலைகளில் எல்லோரையும் திகைக்க வைத்துக்கொண்டிருந்தார். பிரெனீசு மலைப்பகுதியில் அவருடைய அணித்தலைவர் அந்தோனின் மாஞ்னின் சக்கரம் சேதமானபோது, வியெத்தோ தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரத்துச் சுவர்மேல் அமர்ந்து கண்ணீர் விட்டார். அந்தப் புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. மறுநாளும் தலைவருக்கு இடையூறு நேர, முன்னே போய்விட்ட வியெத்தோ ஏறி வந்த மலைக்கே திரும்ப ஏறிச் சென்று உதவினார். மாஞ்ன் அந்த ஆண்டு வென்றார். வியெத்தோ ஐந்தாமவராக வந்தார். பிறகு எந்த ஆண்டிலும் அந்தச் சுற்றை அவர் வெல்லவில்லை. இந்தக் கதையை உருக்கத்தோடு சொல்கிறவர்கள் பலர். எங்களுக்கு உருக்கத்தைவிட அவர் அந்தச் சுவர்மேல் அழுதார் என்பதே முக்கியமாகப் படுகிறது. கொடுத்ததற்கு வலித்தது. வலிக்காததுபோல் அவர் நடிக்கவில்லை.

நம் வாசகர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொருவர் அல்சீரியாவின் அப்துல் காதிர் ஸாஃப். 1950-ஆம் ஆண்டுச் சுற்றில் வட ஆப்பிரிக்க அணியில் ஓட்டினார். பெர்ப்பிஞானிலிருந்து நீம் வரையிலான கட்டத்தில், சூலை மாதத்து வெயில் கொதிக்க, பெருங்கூட்டம் சோர்ந்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வேளையைப் பார்த்து ஸாஃபும் அதே அணியைச் சேர்ந்த மர்செல் மொலினேயும் பிரிந்து ஓடினார்கள். தந்திரம் என்று பார்த்தால் பழுதில்லாதது. மற்றவர்கள் வெயிலுக்கு அஞ்சுகிற நாளே வெயிலில் வளர்ந்தவனுடைய நாள். இருவரும் பத்து நிமிடங்களுக்குமேல் முன்னிலை பெற்றுவிட்டார்கள். நீம் நகரம் நெருங்குகையில் ஸாஃபின் வண்டி சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலையத் தொடங்கியது. விழுந்தார். மரத்தடியில் கிடத்தினார்கள். விழித்தெழுந்தவர் அவசரமாக ஏறி வந்த திசைக்கே ஓட்டத் தொடங்கினார்! அன்றைய கட்டத்தை மொலினே வென்றார். ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த ஒருவர் அந்தப் பந்தயத்தில் பெற்ற முதல் கட்ட வெற்றி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள்.

வழியில் நின்றவர்கள் கொடுத்த மதுவை, மது அறியாத முஸ்லிமான ஸாஃப் தாகத்தில் குடித்துவிட்டார் என்று பத்திரிகைகள் ஒரு கதையைப் பரப்பின. மயங்கிக் கிடந்தவரைத் தெளிவிக்க அருகிலிருந்தோர் மேலே தெளித்த மதுவின் வாடையே அந்தக் கதைக்குக் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. எங்களுக்கு இரண்டாவது கூற்றே பொருத்தமாகத் தெரிகிறது. கடும் வெயிலில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, உடலின் நீர் வற்றியவனுக்கு மயக்கம் வர மது வேண்டியதில்லை. தாகம் தெரிவதற்கு முன் குடி, பசி தெரிவதற்கு முன் உண் என்பது நெடுஞ்சாலை ஓட்டத்தின் முதற்பாடம். சித்திரை வெயிலில் அன்னூர் போய்வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெற்றி பெற்ற மொலினேயைவிட விழுந்த ஸாஃபுக்கே புகழ் அதிகம் கிடைத்தது என்பதும், மறு ஆண்டுச் சுற்றில் அவர் கடைசி இடத்தில் வந்து முடித்தார் என்பதும் கதையின் மிச்சம்.

எங்கள் வழக்கு நடந்தது ஓர் ஆடி மாதத்தில். பல்லடம் பக்கத்துக் கிளைச்சாலை ஒன்றில், முப்பது கிலோமீட்டர் கிழக்கே போய் அதே வழியில் திரும்பும் பந்தயம். எங்களில் நால்வர் கலந்துகொண்டோம். போகும்போது முதுகுக் காற்று; கூட்டம் பறந்தது. முதுகில் காற்றிருக்கும்போது முன்னால் ஓடுவதால் பெரிதாக எதையும் பெற முடியாது, எல்லோரும் விரைவாகவே போகிறார்கள். நாங்கள் நடுவில் ஒதுங்கி, வாழைப்பழமும் தண்ணீருமாகப் போனோம். திரும்பும் இடத்தில் மட்டும், நெரிசலுக்கு முன்பாகவே முதல் பத்துப் பேருக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியே வந்தோம். வளைவைத் தாண்டியதும் மேற்குக் காற்று முகத்தில் அறைந்தது. கூட்டம் பத்து நிமிடத்தில் துண்டு துண்டாகச் சிதறியது. முதல் துண்டில் பதினொரு பேர். அவர்களில் நால்வர் நாங்கள்.

அந்த முப்பது கிலோமீட்டரில் பெரும்பகுதியை மண்டிக் கணக்கர் சுமந்தார். மற்ற இருவரும் இடையிடையே முறைக்கு வந்தார்கள். ஆசிரியரை மட்டும் வரவிடவில்லை. கடைசிப் பாய்ச்சலில் அவருக்கு நிகரானவர் எங்களில் இல்லை என்பதால் அவரைச் சேமித்துவைப்பதென்று முன்னிரவே பேசி முடிவாகியிருந்தது. மண்டி இளைஞரும் அந்தப் பேச்சில் இருந்தார். அவரே முதலில் ஒப்புக்கொண்டவர். எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் அவர் கால்கள் தீர்ந்துபோய் ஒதுங்கினார். ஆசிரியர் மூன்றாம் சக்கரத்தில் காத்திருந்து, இருநூறு மீட்டரில் பாய்ந்து, இரண்டாமவராக வந்தார். பரிசு மூவாயிரம் ரூபாய். மண்டி இளைஞர் ஒன்பதாமவர்.

அடுத்த வாரம் அவர் தேநீர்க் கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கேட்டதில், அத்தா வேண்டாம் என்றுவிட்டதாகச் சொல்லியனுப்பினார். ஊரில் யாரோ, உங்கள் மகன் முன்னால் ஓடினான், பரிசு வேறொருவன் கைக்குப் போயிற்று என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையை ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த மனிதருக்குப் பட்டதில் வியப்பில்லை.

ஆசிரியர் மூவாயிரத்தையும் உறையிலிட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். எங்களில் இருவர் உடன் போனோம். பெரியவர் உறையைத் தொடவில்லை.

“ஏனுங்க வாத்தியாரே, பரிசு உங்க பேருக்கு வந்தது. அதக் கொண்டாந்து எம்மவனுக்குத் தர்மம் பண்றீங்களாக்கும்?”

“தர்மம் இல்லீங்க பாய். அவன் செஞ்ச வேலைதான் என்னைக் கொண்டுபோய் நிறுத்துச்சு.”

“என்ன வேலை? அவனும் பெடலு மிதிச்சான், நீங்களும் மிதிச்சீங்க.”

ஆசிரியர் காற்றைப் பற்றிச் சொன்னார். வகுப்பில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார். பெரியவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அப்போ அது சுமைதானே!” என்றார்.

மண்டியில் கூலி எப்படிப் பிரிகிறது என்பதை அவர் விளக்கத் தொடங்கினார். நூறு மூட்டை இறங்குகிறதென்றால் யார் எத்தனை தூக்கினார் என்று எண்ணுவது கிடையாது. ஒருவர் லாரியின் மேல் நின்று எடுத்துக் கொடுப்பார், ஒருவர் சுமப்பார், வயதானவர் அட்டி அடுக்குவார். கூலி ஒன்றாகச் சேர்ந்து சமமாகப் பிரியும். “ஆனா ஒண்ணு. இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்கறவனுக்குப் பங்கு இல்லை. அடுத்த லோடுக்கு அவனக் கூப்பிடவும் மாட்டோம்.” பெரியத்தா கேட்ட கேள்விக்கும், மேலை நாட்டார் நூறாண்டாக எழுதிவைத்த பந்தய ஒழுக்கத்துக்கும் மேட்டுப்பாளையத்து மண்டியில் விடை இருந்தது.

உறையைப் பிரிக்கச் சொன்னார். நால்வர் ஓட்டியதால் ஆளுக்கு எழுநூற்றைம்பது. தம் மகனுடைய பங்கை எண்ணி வாங்கி மகன் கையில் கொடுத்தார். மீதியை ஆசிரியரிடமே திருப்பினார். “கூலின்னா வாங்கலாம், பரிசுன்னா வேண்டாம்” என்றார். பிரான்சுச் சுற்றில் வெல்கிறவர் பரிசுப் பணத்தை அணித்தோழர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது நெடுநாள் வழக்கம் என்பதை ஆசிரியர் சொன்னபோது, “பொறவு? அங்கயும் மனுசந்தானே ஓட்டறான்” என்று முடித்துக்கொண்டார்.

அன்று முதல் எங்களுக்குள் அதுவே முறை. எல்லோரும் மனமொப்பியதாகச் சொல்ல மாட்டோம். கடைசல் பட்டறைக்காரர் இன்றும் எதிர்க்கட்சி. பரிசு என்பது வென்றவனுடைய பேறு, அதைக் கூலியாக்கினால் விளையாட்டு வேலையாகிவிடும், சுமந்தவனுக்கு நாம் தர வேண்டியது நன்றி, பணமன்று என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. ஆனால் நன்றியை வீட்டுக்கு எடுத்துச் சென்று அத்தாவிடம் காட்ட முடியாது என்பதை அவர் கவனிக்க மறுக்கிறார். தந்திரத்தின் பயனை நால்வரும் அறிவார்கள், வீட்டாரும் அறிய வேண்டும். இல்லையேல் எங்கோ ஒரு வீட்டில் ஒரு தந்தை, தம் பிள்ளையை ஏமாளியென்று எண்ணிக்கொண்டிருப்பார்.

அணியில்லாத பந்தயத்தில் என்ன செய்வது என்ற கேள்வி துணிக்கடைக்காரரின் மகளால் வந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் மாணவ மாணவியருக்கு மிதிவண்டிப் போட்டி நடத்தி வருகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவுகள். மாணவியருக்கு 10 அல்லது 15 கிலோமீட்டர், மாணவருக்கு 15 அல்லது 20 கிலோமீட்டர். இந்தியாவில் செய்யப்பட்ட, கியர் இல்லாத சாதாரண மிதிவண்டிதான் ஓட்ட வேண்டும். முதற்பரிசு ஐயாயிரம், நான்கு முதல் பத்தாம் இடம் வரை வருவோருக்குத் தலா இருநூற்றைம்பது. வயதுக்கேற்பத் தொலைவைப் பிரிப்பது நல்ல முறை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரையும், பயிற்சி பெறாதவற்றுக்குத் தனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டும் குறுகிய தொலைவும் வைத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவித்திருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

பெண்பிள்ளை சாலையில் மிதிவண்டிப் பந்தயம் ஓட்டுவதா என்ற பேச்சு வீட்டில் எழுந்து அடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகினார்கள். அவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள். 2005-06 முதல் அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. பள்ளிக்கு நாள்தோறும் ஓட்டிப் போகிறவள் ஒரு நாள் சற்று விரைவாக ஓட்டுகிறாள், அதிலென்ன என்று பிள்ளையின் உம்மா கேட்டதோடு பேச்சு முடிந்தது.

அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு மண்டி இளைஞருக்கு. கியர் இல்லாத வண்டியில் வேகத்துக்கு ஓர் உச்சி உண்டு. கால்கள் எவ்வளவு விரைவாகச் சுழலுமோ அவ்வளவே. எனவே எவரும் எவரையும் எளிதில் உதறிவிட முடியாது; மறைவும் நேரமுமே முடிவு செய்யும். புறப்படும் இடத்து நெரிசலில் விழாமல் இருக்க ஓரமாக நில், முதல் மூன்று கிலோமீட்டர் யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார், சீராக ஓட்டுகிறவள் பின்னால் போ, கடைசி இருநூறு மீட்டருக்கு முன் எழுந்து மிதிக்காதே. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: “மாமு, அவங்க பின்னாலயே போனா அவங்களுக்கு யாரு மறைவு?”

போட்டி நாளில் அவள் ஆறாமவளாக வந்தாள். 15 வயதுக்குட்பட்ட பிரிவில், ஆறாவது கிலோமீட்டரிலிருந்து வேறு பள்ளி மாணவி ஒருத்தியோடு முறை மாற்றி மாற்றி ஓட்டியதாகச் சொன்னாள். பேச்சு எதுவும் இல்லை. இவள் கையசைத்து விலகியதும் அந்தப் பெண் புரிந்துகொண்டு முன்னால் வந்தாளாம். இறுதியில் அந்தப் பெண் ஐந்தாம் இடத்தைப் பெற்றாள். கடைசி நூறு மீட்டரில் இவளைத் தாண்டிப் போயிருக்கிறாள். இருவருக்கும் ஒரே பரிசுத் தொகைதான், இருநூற்றைம்பது.

இருநூற்றைம்பதில் பாதியை மண்டி இளைஞருக்குக் கொடுக்க வந்தாள். பந்தயத்தில் தான் சுமக்கவில்லையே என்று அவர் வாங்க மறுத்தார். பயிற்சியில் சுமந்தது கணக்கில் வருமா என்று கடைசல் பட்டறைக்காரரிடம் தீர்ப்புக் கேட்டோம். அவர் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அந்த ஐந்தாமிடத்துப் பெண் மூத்தோர் பிரிவுக்குப் போய்விடுவாள் என்றும், தான் இன்னும் ஓராண்டு இதே பிரிவில் இருக்கப்போவதாகவும், இனி முறைக்கு வேறு யாரையாவது தேட வேண்டும் என்றும் பிள்ளை கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.